கப்பனே அவசரமாகச் சினை பார்த்த நாள்

கப்பனேயை எங்கள் கால்நடை அலுவலகத்தில் முதல் வருடம் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கை" என்றுதான் கூப்பிடுவார்கள். "கை வந்தாச்சா?" "கைக்கும் ஒரு காபி சொல்லு." மாட்டுக்குச் சினை ஊசி போட ஒரு பொம்பளையை அனுப்பி வைத்திருக்கிறார்களே என்கிற நக்கல். அவளுக்கு உண்மையிலேயே நீளமான கை. தோள்வரை உறை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்னால் நின்றால் மற்றவர்களுக்கு எட்டாததெல்லாம் அவளுக்கு எட்டும். அவளோடு சேர்ந்து ஊசி போட்ட லென்ச்சோ குள்ளமான ஆள். "உனக்குக் கடவுள் கை குடுத்தான், எனக்கு ஏணியாவது குடுத்திருக்கலாம்" என்பான். "ஏணி எதுக்கு லென்ச்சோ? மாட்டைக் குழிக்குள்ள நிறுத்திக்கோ" என்பாள் அவள்.

நான் அங்கே மருந்து அறையின் சாவியை வைத்திருந்தவன். குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொள்வது, கேட்டவர்களுக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பது, முகாம் நடந்தால் கூடவே போய் ஊசியை நிரப்பிக் கையில் தருவது, இவ்வளவுதான் என் வேலை. அதனால் இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவளும் மற்றவர்களும் சொன்னது.

கப்பனே சிலாலோ மலைச்சரிவில் வாற்கோதுமை விளைகிற ஒரு ஊரில் பிறந்தவள். நர்ஸ் ஆக ஆசைப்பட்டாள். மதிப்பெண் போதவில்லை, மாட்டுப் படிப்பில் இடம் கிடைத்தது. "மனுசங்க தப்பிச்சாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். புருஷன் ஆதம் சந்தையில் தையல் மெஷின் போட்டிருந்தான். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். ஜனங்களின் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்காது. மாடு என்றால் ஒரு தடவை பார்த்தால் போதும். வழியில் யாராவது வணக்கம் சொன்னால் விழிப்பாள். அவர்கள் பின்னால் வருகிற மாட்டைப் பார்த்ததும், "அட, நீங்களா! இவ ஈத்து நல்லபடியா ஆச்சா?" என்பாள்.

அவள் சினை பார்க்கிற அழகே தனி. கை உள்ளே போனதும் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். தூரத்தில் எங்கோ ரேடியோ பாடுவதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கும். அப்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், அதோடு சரி. கை வெளியே வந்தபின் ஒரு வார்த்தை: "நின்னிருக்கு." அல்லது, "இல்ல." அவள் சொன்னால் சொன்னதுதான். ஆறேழு வருடத்தில் "கை" என்ற பேர் கேலி போய் மரியாதை ஆகிவிட்டது. எங்கோ மலைக்கு அந்தப் பக்கமிருந்துகூட, "அந்தக் கைக்கார அம்மா இருக்காங்களா?" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது, 'இயக்கம்' என்று அதற்குப் பேர். ஒரு பள்ளத்தாக்கின் மாடுகளை எல்லாம் ஓரிடத்தில் கூட்டி, பருவத்துக்கு வரவைக்கிற ஊசியை ஒரே நாளில் போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் சினை ஊசி போட வேண்டும். அடுத்த வருடம் பள்ளத்தாக்கு முழுக்கக் கலப்பினக் கன்று துள்ளும், வீட்டுக்கு வீடு பால் பெருகும். சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு ஆபத்து. அந்த ஊசியைச் சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடும், கரு கலைந்து விழுந்துவிடும். ஆகையால் ஒவ்வொரு மாட்டையும் கை விட்டுப் பார்த்து, வெறும் மாடு என்று உறுதியான பிறகே போட வேண்டும். நாளைக்கு இத்தனை மாடு முடித்தாக வேண்டும் என்று கணக்கும் கூடவே வந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர் தன் வாழ்நாளில் ஒரு மாட்டுக்குள்ளும் கை விட்டிருக்க மாட்டார்.

கொல்பா பள்ளத்தாக்கில் முகாம் நடந்த அன்று காலையிலிருந்தே மழை கருக்கட்டிக்கொண்டு நின்றது. பெரிய மரத்தடியில் மாட்டைப் பிடித்து நிறுத்த மரச்சட்டங்கள் அடித்திருந்தோம். வரிசை ஓடைவரைக்கும் நீண்டது. கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் எல்லாம் ஆண்கள். பொம்பளைகள் தண்ணீருக்கும் விறகுக்கும் போயிருந்தார்கள். அதைப் பற்றி அப்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் தலைவர் ஒப்போ தமிரு மேலதிகாரிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். தினமும் சாயங்காலம் மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு போன் வரும், அந்தப் போனுக்கு மத்தியானத்திலிருந்தே பயப்படுவார்.

கெடீர் என்பவன் நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒரு செவலை மாட்டைப் பிடித்து வந்தான். போக்கே என்று அதற்குப் பேர். அவன் மூன்று மாதமாகக் கீழே பட்டணத்தில் தானிய மூட்டை தூக்கிவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான்.

"வெறும் மாடுதானே?" என்று கேட்டாள் கப்பனே.

"வெறும் மாடுதான் டாக்டர். போன வருசமே காளைக்கு நிக்கல. அந்தப் பெரிய மடிக் கன்னு ஒண்ணு எனக்கும் வேணும்."

அவள் கையை விட்டாள். அதே நேரம் ஒப்போ தமிரு பின்னாலிருந்து சத்தம் போட்டார்: "கப்பனே, வரிசையைப் பாரு! உள்ள என்ன வளையலா தொலைச்சிட்ட, இவ்வளவு நேரம் தேடற?" அதிகாரிகள் சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அன்று அவள் வானத்தைப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்த்தாள். கை போன வேகத்தில் வெளியே வந்தது. "இல்ல" என்றாள். நான் நிரப்பி வைத்த ஊசியைக் கொடுத்தேன், அவள் போட்டாள். ஒருவன் மாட்டின் முதுகில் ஊதா நிறச் சாயத்தைத் தெளித்தான். அடுத்த மாடு.

மழை பிடிப்பதற்குள் கணக்கு முடிந்தது. அதிகாரிகள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் ஜீப்பில் ஏறிக்கொள்ள, நானும் கப்பனேயும் மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஓடை வழியாக நடந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஓடைக்கரையில் ஒரு பெண் மஞ்சள் கேனில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பக்கத்தில் போக்கே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கெடீரின் மனைவி ஷம்ஸியா அவள்.

"டாக்டர், நில்லுங்க. எங்க போக்கே முதுகுல என்னது இது, ஊதாவா? யாரு பூசினது?"

"ஊசி போட்ட அடையாளம்மா. பருவத்துக்கு வர ஊசி."

"இவளுக்கா? இவளுக்கு எதுக்குப் பருவம்? வாற்கோதுமைக்குக் களை எடுத்தப்பவே அக்கரைக் காளைகிட்ட போயிட்டாளே. நான்தான் கல்லு விட்டு எறிஞ்சு பிரிச்சேன், அதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அதுக்கப்புறம் பருவத்துக்குத் திரும்பல. மடியே கொஞ்சம் மாறியிருக்கு. நான் தினம் பால் கறக்கறவ, எனக்குத் தெரியாதா?"

கப்பனே பெட்டியைக் கீழே வைத்தாள். உறையைத் தேடி எடுக்கக்கூட இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, அங்கேயே, ஓடைக்கரையிலேயே, வாலை ஒதுக்கிக் கையை உள்ளே விட்டாள். இந்தத் தடவை வானத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கருப்பை ஒரு பக்கத்தில் நீர் கோத்து, பெரிய ஆரஞ்சுப் பழ அளவுக்கு வீங்கி, தொட்டால் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டரை மாதச் சினை. நிதானமாகப் பார்த்திருந்தால் லென்ச்சோவின் கைக்கே தட்டுப்பட்டிருக்கும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

கையை எடுத்தவள் ஷம்ஸியாவிடம், "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச தூரம் நடந்ததும் வழியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊசியைத் திருப்பி உறிஞ்ச முடியுமா?" என்று என்னைக் கேட்டாள். ஊசியைப் பற்றி என்னைவிடப் பத்து மடங்கு தெரிந்தவள் கேட்கிற கேள்வியா அது?

பிறகு போனை எடுத்து, தனக்குப் பாடம் நடத்திய வாத்தியாரைக் கூப்பிட்டாள். அவர் தூரத்துப் பட்டணத்தில் இருந்தார். சிக்னலுக்காக மேட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு கத்திக் கத்திப் பேசினாள். சினையைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து ஒன்று இருக்கிறதாம். இன்றைக்கே வைத்தால் ஒருவேளை நிற்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அந்த மருந்து என் குளிர்ப்பெட்டியில் இல்லை. பக்கத்துப் பட்டணத்திலும் இல்லை. தலைநகரில் ஒரு கிடங்கில் இருக்கலாம், கையெழுத்து வாங்கி, வண்டி பிடித்து, வந்து சேர நான்கு நாள் ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மறுநாள் காலையில் அவள் நேராக ஒப்போ தமிருவின் அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது.

"சார், நேத்து ஒரு சினை மாட்டுக்குப் போட்டுட்டேன். என் கைதான் தப்பு. ஒண்ணுதான்னு தோணல. அந்த வேகத்துல இன்னும் எத்தனையோ."

"எதுவும் தெரியறதுக்கு முன்னாடி நீயே ஏன் ஊரைக் கூட்டற? கன்னு ஆயிரம் காரணத்துக்கு வீசும். நோவு இருக்கு, முள்ளுச்செடி இருக்கு, முட்டிக்கிட்டு விழும்."

"இது நம்ம ஊசி சார்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும்."

"அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு? கன்னைத் திருப்பி உள்ள வைக்கப் போறியா?"

அவள் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு கொல்பாவுக்குக் கிளம்பினாள். நானும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

ஷம்ஸியா காபி வறுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். கெடீரும் இருந்தான். கப்பனே உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள். "உங்க மாடு சினை. நான் கவனிக்காம ஊசி போட்டுட்டேன். இன்னிக்கோ நாளைக்கோ நாளான்னைக்கோ கன்னு வீசிரும். தடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. தேடிப் பாத்தேன், கிடைக்கல."

ஷம்ஸியா வறுக்கிற கரண்டியைக் கீழே வைக்கவில்லை. காபிக்கொட்டை கருகுகிற வாசனை வந்தது.

"இப்ப நல்லாத்தானே நிக்குது?"

"இப்ப நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப உள்ள இருக்கறது இப்ப உசுரோட இருக்கு?"

"இருக்கு."

"உசுரோட இருக்கறப்பவே வந்து சாகப் போகுதுன்னு சொல்றீங்க."

கெடீர் பாய்ந்து எழுந்தான். "நான்தான் வெறும் மாடுன்னு சொன்னேன். இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்று தலையில் அடித்துக்கொண்டான். பழியை அவன் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்ததும் கப்பனேக்குத் தாங்கவில்லை. "நீங்க என்ன வேணா சொல்லலாம். பாக்க வேண்டியது நான்தான். பாக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றாள். ஷம்ஸியா இருவரையும் பார்க்காமல், கருகிய கொட்டையை வாசலில் கொட்டிவிட்டு மாட்டிடம் போனாள்.

அன்றும் மறுநாளும் கப்பனே அங்கேதான் இருந்தாள். யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. போக்கே புல் தின்றது, அசை போட்டது, ஈ ஓட்டியது. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஷம்ஸியா அதன் கழுத்தைத் தடவியபடி பாட்டுப் போல எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆதம் ஆள் அனுப்பினான், "வீட்டுக்கு வா, நீ அங்க உக்காந்தா மட்டும் என்ன ஆகப் போகுது?" என்று. ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தும் எழுந்து வரவில்லை.

மூன்றாம் நாள் முன்பகலில் மாடு முதுகைக் குறுக்கியது. வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. விழுந்தது சுண்டெலியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. நான்கு கால், குளம்பு முளைக்க இடம், மூடிய கண். போக்கே திரும்பி அதை மோந்து பார்த்தது. ஷம்ஸியா ஓர் இலையைப் பறித்து வந்து அதை எடுத்தாள். கப்பனே உதவிக்குக் கையை நீட்டினாள்.

"வேணாம். அந்தக் கை வேணாம்" என்றாள் ஷம்ஸியா. சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

கப்பனே கையை மடக்கிக்கொண்டாள். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்துவிட்டதா என்று மட்டும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, காய்ச்சல் கண்டால் உடனே சொல்லி அனுப்பும்படி கெடீரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

போக்கே ஒன்றோடு நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பள்ளத்தாக்கிலிருந்து சேதி வந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டில் நான்கு மாதச் சினையே போயிற்று. கப்பனே பார்த்த மாடுகளும் இருந்தன, லென்ச்சோ பார்த்தவையும் இருந்தன. ஷம்ஸியா வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். எல்லா வீட்டிலும் ஒரே கதை. கயிற்றைப் பிடித்தவன் வெறும் மாடு என்றிருக்கிறான், பால் கறந்தவளை யாரும் கேட்கவே இல்லை.

ஒரு நாள் காலை, அலுவலகம் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நீட்டி இழுத்த குலவைச் சத்தம் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தால், பாதை நிறையப் பொம்பளைகள். ஒவ்வொருத்தி கையிலும் கல்யாணத்தன்று தாய் கொடுத்த சீன்கே கோல். அந்தக் கோலோடு பெண்கள் வீட்டை விட்டு வெளியேறி உட்கார்ந்தால், நியாயம் கிடைக்கும்வரை அடுப்பு எரியாது, எந்த ஆணும் அவர்களைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் காவல்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கினான். அவர்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து கோல்களை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஒப்போ தமிரு பின்பக்கக் கதவைப் பார்த்தார். "லென்ச்சோ, வண்டிச் சாவி எங்கே?" என்றார். அவர் பின்வழியே போன மோட்டார் சைக்கிள் சத்தம் முன்வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஒரு கிழவி, "ஏய், உங்க காளை அவுத்துக்கிட்டு ஓடுது, புடிங்கடா!" என்றாள். அந்த நிலைமையிலும் பெண்கள் சிரித்தார்கள்.

கப்பனே வெளியே போனாள். படியில் நிற்காமல் இறங்கி, மண்ணில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க மாட்டுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் ஷம்ஸியா. அவளுக்குத் தெரிந்த பதில்தான். எல்லோர் முன்னாலும் சொல்ல வைக்கத்தான் கேட்டாள்.

கப்பனே சொன்னாள். ஊசி என்ன செய்யும், கை எதைத் தேட வேண்டும், தேட எவ்வளவு நேரம் வேண்டும், அன்றைக்கு எவ்வளவு நேரம் எடுத்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். "உங்களைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நானும் பொம்பளைதான், நானும் கேக்கல" என்றாள்.

"கன்னு குடுப்பீங்களா?" என்றாள் ஒருத்தி.

"என்னால முடியாதும்மா."

"உங்க ஆபீஸு?"

"கேக்கறேன். குடுக்கும்னு நினைக்கல."

"பின்ன உங்களால என்னதான் முடியும்?"

கப்பனே அவர்கள் மடியிலிருந்த கோல்களைப் பார்த்தாள். "அடுத்த தடவை கயித்தை நீங்க பிடிச்சுட்டு வாங்க. உங்களைக் கேக்காம எந்த மாட்டையும் தொட விடாதீங்க. நானா இருந்தாலும் சரி." அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் வந்து சமாதானம் பேசி, அலுவலகத்தின் சார்பாக மன்னிப்புக் கேட்டு, ஒரு ஆட்டை அறுத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அலுவலகம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடுகூட ஆதம் வாங்கி வந்ததுதான்.

மாதக் கூட்டத்தில் எல்லா ஊர் ஊசிக்காரர்களும் கூடினார்கள். ஒப்போ தமிரு இயக்கத்தின் வெற்றியைப் பற்றிப் பேசி முடித்ததும் கப்பனே எழுந்தாள். "சார், எனக்கு ஒரு அஞ்சு நிமிசம். என் கையில என்ன தப்பு நடந்ததுன்னு சொல்றேன். உங்க உங்க ஊர்ல நடந்ததையும் சொல்லுங்க. யாரையும் திட்டறதுக்கு இல்ல. எங்க தப்பு பண்றோம்னு தெரிஞ்சா அடுத்த முகாம்ல ரெண்டு விசயம் மாத்தலாம். ஒண்ணு, வீட்டுப் பொம்பளையைக் கேக்கறது. ரெண்டு, சந்தேகமா இருந்தா அந்த மாட்டை விட்டுடறது. கணக்கு குறைஞ்சா குறையட்டும்."

அவள் தன்னுடையதைச் சொன்னாள். பிறகு காத்திருந்தாள். அறை நிறைய ஆட்கள். ஒருவன் பேனாவைத் திறந்து மூடினான். ஒருவன் கூரையைப் பார்த்தான். லென்ச்சோ என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வேற யாருக்கும் இப்படி நடக்கல போல" என்றார் ஒப்போ தமிரு. "சரி, அடுத்த விசயம்."

வெளியே காபி குடிக்கும்போது லென்ச்சோ அவளிடம் வந்தான். "எனக்கு ஏழு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் வந்து, "எங்க ஊர்ல சந்தைக்கே போக முடியல அக்கா, மூஞ்சில துப்பறாங்க" என்றான். மூன்றாமவன் அவள் காபிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

"உள்ள சொல்லியிருக்கலாமே?" என்றாள் கப்பனே.

"உனக்கு ஆதமோட தையல் மெஷின் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?" என்றான் லென்ச்சோ.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. சந்தையில் தோலுக்கு முத்திரை குத்துகிற இடத்துக்கு மாற்றினார்கள். உப்பும் நாற்றமும் ஈயுமாக ஒரு தகரக் கொட்டகை. அவள் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட எதற்கும் அங்கே வேலை இல்லை. முத்திரையை யார் கையில் கொடுத்தாலும் குத்தலாம்.

மறு வருடம் கொல்பாவுக்கு இயக்கம் மறுபடியும் போனது. கப்பனே இல்லை, புதிதாக ஒரு ஊசிக்காரன். நான் வழக்கம்போல மருந்துப் பெட்டியோடு போயிருந்தேன். அன்று கயிறுகளை எல்லாம் பெண்கள் பிடித்திருந்தார்கள். ஆண்கள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் மாட்டின் கதையைச் சொன்னாள். எப்போது காளைக்கு வந்தது, எப்போது நின்றது, எதில் தனக்கே சந்தேகம் என்று. புதியவன் கையை அவசரமாக எடுத்தால், "மறுபடி பாரு" என்று அதட்டினார்கள். நிறைய மாடுகள் ஊசி போடாமலேயே திரும்பிப் போயின. அந்த வருடம் கொல்பாவில் ஊசியால் ஒரு கன்றும் வீசவில்லை.

கணக்கும் எட்டவில்லை, பாதிகூட எட்டவில்லை. ஒப்போ தமிருவின் சாயங்காலப் போன் வெகுநேரம் நீண்டது. கொல்பா மக்கள் ஒத்துழைப்பதில்லை என்று மேலே சொல்லியாகிவிட்டது. அதற்கடுத்த வருடம் இயக்கம் கொல்பாவுக்குப் போகவே இல்லை. முகாம் மட்டும் நின்றது என்று நினைத்தோம், பிறகு சினை ஊசிக்காரனே அந்தப் பக்கம் போவது குறைந்துவிட்டது.

கொல்பாவின் பெண்கள் சந்தை நாளில் மாட்டை ஓட்டிக்கொண்டு தகரக் கொட்டகைக்கு வருவார்கள். கப்பனே முத்திரையை வைத்துவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சினை பார்ப்பாள். இப்போதெல்லாம் ஒரு மாட்டுக்கு அவள் எடுக்கிற நேரத்தில் ஒரு காபி கொதித்துவிடும். "உள்ளேயே தூங்கிட்டாளா?" என்று தோல் வியாபாரிகள் கேலி செய்வார்கள். பார்த்து முடித்தபிறகும் சந்தேகமாகவே இருப்பாள். "நின்னிருக்குன்னு நினைக்கறேன். நீ என்ன நினைக்கற?" என்று மாட்டுக்காரியிடம் கேட்பாள். பழைய கப்பனே அப்படிக் கேட்க மாட்டாள். அவர்களை எல்லாம் அனுப்பி வைப்பது ஷம்ஸியாதான். ஆனால் போக்கேயை அவள் ஒரு நாளும் கொண்டு வந்ததில்லை. கப்பனேயும் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள், ஒலிபெருக்கி கட்டிய வண்டி சந்தை வழியாகப் போயிற்று. இயக்கம் அடுத்த பள்ளத்தாக்கான சிர்கோவுக்குப் போகிறது, சினை இல்லாத மாட்டைக் கொண்டு வாருங்கள் என்று கத்திக்கொண்டே போனது. கப்பனே கொட்டகையைப் பூட்டிவிட்டு அதன் பின்னாலேயே கழுதை வண்டி ஒன்றில் ஏறிப் போயிருக்கிறாள்.

நான் அங்கே ஊசியை நிரப்பிக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் அவள் தென்பட்டாள். தோலின் உப்பு உடையெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது. கயிறு பிடித்து நின்ற ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, வீட்ல கேட்டீங்களா? பால் கறக்கறவங்ககிட்ட கேட்டீங்களா?"

"இது யாரு?" "தோலுக்கு முத்திரை குத்தற அம்மா." "உசுரோட இருக்கறதுக்கே குத்த வந்துட்டாங்களா?" என்று சிரித்தார்கள்.

ஒப்போ தமிரு அவளைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. கிட்டே போய் மெதுவாக, "கப்பனே, போயிரும்மா. என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவள் சரி என்று தலையை ஆட்டினாள். ஆனாலும் போகாமல் வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டு முடித்தாள்.

இரண்டு பேர் யோசித்துவிட்டு மாட்டைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிப் போனார்கள். மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். முன்னால் சட்டத்தில் நின்ற மாட்டுக்குள் லென்ச்சோவின் கை போய் வந்தது. "இல்ல" என்றான். என் கையிலிருந்த ஊசியை வாங்கிக்கொண்டான்.